சக்கரத்தில் இல்லாத கீறல்

கார்களைக் கழுவி மெருகேற்றும் அந்தப் பட்டறையில் அவருக்குக் 'கண்ணாடி' என்றுதான் பெயர். அவர் துடைத்து முடித்த குரோம் சக்கரத்தில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம். "கண்ணாடி எங்கப்பா?" என்று யாராவது கேட்டால், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் மேசைமேல் தேடுவார்கள். அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

பட்டறை அவர் மனைவியின் தம்பியுடையது. அக்காவின் முகத்துக்காகத்தான் முதலில் சேர்த்துக்கொண்டான். போகப்போக, குரோம் சக்கரம் என்றால் வேறு யாரையும் தொடவிடமாட்டான். மெல்லிய கீறல் எடுப்பது பொறுமைக்காரன் வேலை. முதலில் சோப்புத் தண்ணீரில் தூசியைக் கழுவ வேண்டும். பிறகு மிருதுவான துணியில் பாலிஷைத் தொட்டு, அழுத்தாமல் தேய்த்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டங்கள் தெரிந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். அதற்காக ஒரேயடியாகத் தேய்த்துவிடவும் கூடாது. குரோம் பூச்சு மிக மெல்லியது. அது தேய்ந்தால் அடியிலிருக்கும் நிக்கல் மஞ்சளாக இளிக்கும்.

சில மாதங்களாக அவருக்குத் தலைவலி. பாலிஷ் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றிய அன்று, "ஏங்க, கண்ணக் காட்டிட்டு வந்துடலாமே" என்றாள் மனைவி.

"கண்ணுக்கு என்ன? கீறல் பாக்கறவனுக்குக் கண்ணு தெரியாதாக்கும்!"

அந்த வாரம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பழைய கார் ஒன்றை ஓட்டி வந்தார்.

"தினமும் துடைக்கிறேங்க. அப்படியும் எப்படி இவ்வளவு கோடு?"

கண்ணாடி குனிந்து சக்கரத்தைத் தடவினார். "கழுவிட்டுத் துடைக்கிறீங்களா, வெறுந்துண்டாலயா?"

"வெறுந்துண்டுதான்."

"தூசியோட சேத்துத் தேய்ச்சா அதுவே கீறல் போடுமே, ஐயா."

தபால்காரரின் முகம் விழுந்துவிட்டது. "பையனோட வண்டிங்க. இந்தச் சக்கரமெல்லாம் அவனே தேடிப்பிடிச்சு மாட்டினது. அவன் போனப்புறம் காலைல எந்திரிச்சா எனக்கு வேற வேலையே இல்ல. நான்தான் கெடுத்திருக்கேனா?"

"மனச விட்டுடாதீங்க. ஒரு கோடு இல்லாம எடுத்துத் தர்றேன். சாயங்காலம் வாங்க."

முதல் சக்கரத்தைக் கழற்றிக் கழுவித் துடைத்துவிட்டு விளக்கைப் பிடித்தார். வட்டங்கள் போகவில்லை. மறுபடி தேய்த்தார். அப்படியே இருந்தன. துணியை மாற்றினார், பாலிஷை மாற்றினார். தலை விண்விண்ணென்று தெறித்தது. வாக்குக் கொடுத்தாகிவிட்டதே என்ற பதைப்பில், குரோமின் பக்கம் அவர் எப்போதும் கொண்டுபோகாத பாலிஷ் மெஷினை எடுத்துக் கெட்டியான தேய்ப்புப் பசையைப் போட்டு ஓட்டினார்.

சத்தம் கேட்டு மைத்துனன் ஓடி வந்தான். "மாமா! நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

"வட்டம் போகவே மாட்டேங்குது மாப்ள. நீயே பாரு."

"எங்க வட்டம்? ஒண்ணுமே இல்லையே! இந்தப் பக்கம் பூரா மஞ்சளாயிடுச்சு மாமா. உங்களுக்குத் தெரியலையா?"

அவருக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து கூரை விளக்கைப் பார்த்தார். அதைச் சுற்றியும் அதே வட்டங்கள், வானவில் நிறத்தில். கையிலிருந்த மெஷினைத் தரையில் வைக்க இடம் தேடித் தடுமாறினார்.

சாயங்காலம் தபால்காரர் வந்து மஞ்சள் திட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"புதுசா முலாம் போட்டுத் தர்றேன் சார், எங்க செலவுல" என்றான் மைத்துனன்.

"வேணாம். அப்படியே மாட்டிக் குடுங்க." பிறகு கண்ணாடியைப் பார்த்து, "பாதி நான் கெடுத்தேன். மீதிய நீங்க கெடுத்துட்டீங்க" என்றார். குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் கண்ணாடி தாங்கியிருப்பார். அந்தக் கார் அதற்குப்பின் அந்தப் பக்கம் வரவேயில்லை.

கண் மருத்துவர் சுற்றிவளைக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. "வலது கண்ணுல போனது போனதுதாங்க. திரும்ப வராது. இடது கண்ண முடிஞ்சவரை பாத்துக்கலாம். முன்னாடியே வந்திருந்தீங்கன்னா..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். மனைவி அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிவந்தாள்.

மைத்துனன் அவரை அனுப்பிவிடவில்லை. கார்களின் கால்மிதிகளை அலசிக் கொடியில் போடும் வேலையைக் கொடுத்தான். "அங்க இன்னும் சேறு இருக்குங்க" என்று நேற்று வந்தவர்கள்கூட மரியாதையாகச் சொல்வார்கள். எங்கே என்று கேட்கக் கூசி, மிதி முழுவதையும் மறுபடி தேய்ப்பார். யாரும் இப்போது கண்ணாடி என்று கூப்பிடுவதில்லை. அண்ணே என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்காருவார். மனைவி சொட்டு மருந்து விடுவாள். ஒருநாள் அவள் கையைத் தட்டிவிட்டு, "போதும், விடு. இனிமே எதப் பாக்கறதுக்கு?" என்றார்.

அவள் கீழே உருண்ட புட்டியைக் குனிந்து எடுத்தாள். மூடி எங்கே போனதென்று கட்டிலடியில் தேடிக்கொண்டிருந்தாள்.