ஷோகேசில் வைத்த போத்தல்

எங்கள் வீட்டு ஷோகேசில் ஒரு வெறும் வைன் போத்தல் இருக்கிறது. லேபிள்கூட இல்லை. வருகிற சனம் முதலில் அதைப் பார்க்கும், பிறகு என் கணவரைப் பார்க்கும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிற மனிதர். கல்யாண வீடுகளில் மற்ற ஆண்கள் குடிக்க ஒதுங்குகிற பக்கத்துக்கே போகாதவர். "இதென்ன கோலம்?" என்று கேட்க ஆட்களுக்கு நாக்குத் துடிக்கும். துடிக்கட்டும் என்று நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

எங்கள் வீடு பிரான்சில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், மெத்ரோ போகிற பாலத்துக்கு எதிரே. ரயில் போகும்போதெல்லாம் ஷோகேஸ் கண்ணாடி கிணுகிணுக்கும். இவருக்கு வேலை, வீட்டுக்குக் கீழே இருக்கிற ஒரு சாமான் கடையில். நான் கந்தோர்களில் மேசையும் தரையும் துடைத்துத் துப்பரவாக்கப் போகிறவள். ஒரே ஒரு மகள். சண்டை முடிந்து, ஊருக்குப் பயமில்லாமல் போய்வரலாம் என்று வந்ததும், இவர் யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை தேடத் தொடங்கினார். மகள் ஒருநாள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள், தான் விரும்புவது பக்கத்து ஊரான சென் தெனியில் இருக்கிற ஒரு போர்த்துக்கேயப் பெடியனை என்று. பிறகு கன நாளாக எங்கள் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். கடைசியில் இவர், "தாய் தேப்பனைக் கூட்டிக்கொண்டு வரட்டும். ஆக்களைப் பாப்பம்" என்றார். இவருடைய வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய காரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பெடியனின் தகப்பன் வீடுகளுக்குத் தரைக்கல் பதிக்கிறவர். பருத்த விரல்கள். பழக்கமில்லாத கோட்டுக்குள் கழுத்து இறுகி நின்றார். கையில் பேப்பரில் சுற்றிய போத்தல். பச்சைக் குழந்தையைத் தருவதுபோல அதை இவரிடம் தந்து, ஊரில் தன் பாட்டன் நட்ட திராட்சைக் கொடிகளில் வந்த வைன் என்றார். மகள் மொழிபெயர்த்தாள்.

கொண்டுவந்தவர்களுக்கு முன்னால் ஒரு பொருளைப் பிரித்தால் எங்கள் ஆட்களில் அது பேராசை, பறக்காவெட்டித்தனம். இவர் இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய், ஷோகேசில் மகளின் நடன அரங்கேற்றக் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினார். அந்தத் தட்டில் வேறு எதற்கும் இடம் கொடுக்காத மனிதர். எனக்குப் பெருமையாக இருந்தது. ரோல்சும் பால் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தேன். அந்த மனிதர் தேத்தண்ணியைப் பார்த்தார், ஷோகேசைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒரு கையைக் கோட்டுப் பொக்கெற்றுக்குள்ளேயே வைத்திருந்தார். குளிரைப் பற்றி இரண்டு கதை கதைத்துவிட்டு எழும்பிவிட்டார்கள். "நல்ல அடக்கமான சனம்" என்று இவர் என்னிடம் சொன்னார்.

அந்தக் கிழமையே மகள் வேலையால் வந்து, சப்பாத்தும் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பாவுக்கு விருப்பமில்லையெண்டா நேரை சொல்லியிருக்கலாம்."

"நான் என்ன செய்தனான்?" என்றார் இவர்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் குடும்பத்தில், தங்கள் கொடியில் வந்த வைனைத் திறந்து, ஒரே மேசையில் இருந்து குடித்த பிறகுதான் பெண் கேட்பார்களாம். திறக்காமல் உள்ளே வைத்துச் சாத்தினால், கேட்காதே என்று அர்த்தமாம். இனி அந்த வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். தகப்பனை மீறிப் பெடியன் வரமாட்டான், அப்படி வருவதை மகளும் விரும்பவில்லை.

"உன்ரை கேடயத்துக்குப் பக்கத்திலை எல்லோ வைச்சனான்" என்றார் இவர். மகளால் அதற்கு மேல் கோபிக்கவும் முடியவில்லை, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். ஒரு போத்தலுக்காக என் பிள்ளை அழுவதா? பெடியனின் தாயுடைய நம்பரை மகளிடம் வாங்கி நானே போன் எடுத்தேன். என் பிரெஞ்சு கந்தோர் துடைக்கப் போதும், சம்பந்தம் பேசப் போதாது. "மடாம், ஞாயிறு வாங்கோ, போத்தல் திறக்கிறது" என்று தெரிந்த சொற்களை அந்த மொழியில் அடுக்கினேன். மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்தார்கள். தகப்பனின் முகம் இறுகித்தான் இருந்தது. இவர் போத்தலை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, தக்கை இழுக்கிற சாமான் எதுவும் வீட்டில் இல்லை. இவர் குசினிக்குள் ஓடி, ஸ்குரூ டிரைவரும் இறைச்சிக் கத்தியும் கொண்டுவந்தார்.

"இஞ்சாருங்கோ, போத்தலைத் திறக்கப் போறியளோ, ஆட்டை வெட்டப் போறியளோ?" என்றேன்.

அந்த மனிதர் கோட்டுப் பொக்கெற்றுக்குள் கையை விட்டு ஒரு தக்கைத் திருகியை எடுத்தார். அதன் கைபிடி கொடிக்கட்டையில் செய்தது, பிடித்துப் பிடித்து மினுங்கியது. அன்றைக்கும் இது உங்களிடம் இருந்ததா என்று கேட்டேன். தலையாட்டினார். நான் கொடுத்த பால் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவர் பொக்கெற்றுக்குள் இதைத்தான் பிடித்தபடி இருந்திருக்கிறார். எனக்குப் பாவமாகவும் வெட்கமாகவும் போய்விட்டது.

அவரே தக்கையை இழுத்து, எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றினார். நல்ல கருஞ்சிவப்பு. கொடிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவருடைய முகம் இளகியது. மலைச்சரிவில் நிற்கிற வயதுபோன கொடிகளாம். குலை கொஞ்சமாகத்தான் வருமாம், ஆனால் சாறு தடிப்பாம். எல்லாம் அவர்களுடைய ஊர்ப் பக்கத்துக்கே உரிய இனங்கள். பாட்டன் அவற்றை ஒரே வரிசையில் கலந்து நட்டுவிட்டார். சிலவற்றின் பெயர் தனக்கே தெரியாது என்றார்.

இவர் கடையில் நிற்கிறவர் அல்லவா? "அப்ப எப்பிடி வேறை வேறையாப் பிரிக்கிறது எண்டு கேள் பிள்ளை" என்றார்.

பிரிப்பதில்லை, ஒன்றாகப் பறித்து ஒன்றாகத்தான் மிதிப்போம் என்று பதில் வந்தது.

"எங்கடை கடையிலை அரிசியை உப்பிடிக் கலந்தா முதலாளி கலைச்சுப்போடுவார்."

மகள் அதையும் மொழிபெயர்த்தாள். அந்த மனிதர் முதல்முதலாகச் சிரித்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிப்பதுபோல ஒரு மிடறு விழுங்கினார். "பாக்குச் சப்பினமாதிரித் துவர்ப்பு. இதை அவருக்குச் சொல்லாதை பிள்ளை" என்றார்.

பிறகு அந்த மனிதர் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு மெல்ல, நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் பேசினார். நாங்கள் மகளைப் பார்த்தோம். சின்ன வயதிலிருந்து டொக்டரிடமும் விசாக் கந்தோரிலும் எங்களுக்காக மொழிபெயர்த்த பிள்ளை. தன்னையே பெண் கேட்பதை எப்படி மொழிபெயர்ப்பாள்? "அப்பா, அவர்..." என்று தொடங்கி நின்றுவிட்டாள்.

"வேண்டாம் பிள்ளை, எனக்கு விளங்கீட்டுது" என்றார் இவர். அவரும் எழுந்து, அந்த மனிதரை நேரே பார்த்து, "ஓம்" என்றார்.

அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அந்த மனிதர் போத்தலை எடுத்து இவருடைய தம்ளருக்குள் இன்னும் கொஞ்சம் விட்டார். துவர்ப்பு என்று சொன்ன மனிதர் அதைக் கடைசித் துளிவரை குடித்தார்.