வாசலுக்கு முதுகு

திருப்பதியில் எனக்குக் கிடைத்த முதல் அறைக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். கதவு மேற்கில். திறந்தால், தெருவாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகும் நீளமான நடை. ஜன்னல் வடக்கில். திறந்தால் மலை. நகரியிலிருந்து பஸ்ஸின் தலையில் ஏற்றிக்கொண்டு வந்த மேசையை என் நைனா அறையின் நடுவில் இறக்கிவைத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எந்தப் பக்கம் போடணும்? வாசலைப் பார்த்துப் போட்டுடட்டா? வெளிச்சம் வரும்.”

“வேணாம் நைனா. அந்தச் செவுத்தோரம் போடு.”

“செவுத்தைப் பார்த்துக்கினா உக்காரப் போற?”

“எழுதறவங்க அப்படித்தான் உக்காருவாங்க.”

நான் சொன்னால் அவர் மறுப்பதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தறியைத் தவிர வேறு எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், “அதுக்குத் தெரியும்” என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். மேசையைக் கிழக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டார். கொண்டுவந்த வாழைப்பழங்களை அதன்மேல் வைத்தார். மத்தியான பஸ்ஸில் திரும்பிப் போனார்.

எழுதுகிறவர்கள் எப்படி உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஓர் எழுத்தாளரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார நினைத்ததற்குக் காரணம் வேறு. நடையில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தால், தனியாக இருக்கிற ஒரு பெண் யாராவது வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துவிடக் கூடாது. இவள் வேலையாக இருக்கிறாள், இவளுக்கு யாரும் தேவையில்லை என்று என் முதுகே சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் கோடையில்தான் எல்லை பிரிந்திருந்தது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போயிற்று. எங்கள் நகரி ஆந்திராவிலேயே நின்றது. கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு ஆசிரியையாகச் சேர்ந்தேன். தமிழுக்கு நான் ஒருத்திதான். இடைவேளையில் மற்ற ஆசிரியைகள் தெலுங்கில் வேகமாகப் பேசிச் சிரிப்பார்கள். எனக்கும் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் அவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்பது தோன்றும்.

இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. என் தகரப் பெட்டியின் அடியில், மடித்த புடவைக்குள் ஒரு கடிதம் இருந்தது. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை ஒன்று என் கதையை அச்சிட்டிருந்தது. அதன் ஆசிரியர் தம் கைப்பட எழுதிய கடிதம் அது. பொங்கல் மலருக்கு இன்னொரு கதை வேண்டும், கார்த்திகை முடிவதற்குள் வந்து சேர வேண்டும். அந்த நாலு வரியை எனக்கு மனப்பாடமாகச் சொல்ல வரும்.

ஒரு கதை யாருக்கு வேண்டுமானாலும் வந்துவிடலாம். ஏதோ ஓர் ஆத்திரத்தில் வந்துவிடும். இரண்டாவது கதை வந்தால்தான் நான் எழுதுகிறவள். வராவிட்டால் பஸ்ஸின் தலையில் மேசை ஏற்றிக்கொண்டு வந்த வாத்தியாரம்மா, அவ்வளவுதான். ஊரில் எல்லாரிடமும் “பொங்கலுக்குப் பாருங்க” என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.

கதை வரவில்லை. ஆனி போயிற்று, ஆடி போயிற்று. பொழுது விடியுமுன், யாரும் எழுந்திராத நேரத்தில் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு வந்துவிடுவேன். யாராவது இருந்தால் எந்த ஊர், யாருடைய பெண், ஏன் தனியாக இருக்கிறாய் என்று கேட்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேசைமுன் உட்காருவேன். முதுகுக்குப் பின்னால் நடையில் காலடிச் சத்தம் கேட்கும். பேனா நின்றுவிடும். யார், எவ்வளவு தூரத்தில், உள்ளே பார்க்கிறார்களா? பிடரி சில்லென்று ஆகும். காலடி போய்விட்ட பிறகும் அந்தச் சில்லிப்பு போகாது.

நகரியில் இப்படியில்லை. தறிக் குழிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து படித்துத்தான் பரீட்சையெல்லாம் எழுதினேன். காதருகில் நாள் முழுதும் தறியின் நாடா குறுக்கும் நெடுக்குமாகச் சத்தமிட்டு ஓடும். வாசலில் யார் வந்தாலும் அவர்கள் என்னைப் பார்ப்பதற்குமுன் நான் அவர்களைப் பார்த்துவிடுவேன். இங்கே சத்தமே இல்லை. ஆனாலும் ஒரு வெறுங்கால் நடந்துபோனால் என் எழுத்து கலைந்துவிடுகிறது.

தெருப்பக்கப் போர்ஷனில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். திருத்தணிப் பக்கத்துத் தமிழர்கள். அந்த அம்மாளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பால்காரியோடு பேசுவாள், பூக்காரியோடு பேசுவாள், சுவரேறும் பூனையைக்கூட நிறுத்தி விசாரிப்பாள். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. சில நாள் அவள் காலடி என் வாசல்வரை வந்து நிற்கும். வளையல் சத்தம் கேட்கும். பிறகு திரும்பிப் போகும். நெசவுக்காரர் வீட்டுப் பெண் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பாள், வேடிக்கை பார்க்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் நிற்பது தெரிந்ததும் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொள்வேன். பேனாவை மையில் தோய்த்து வேகமாக எழுதுவேன். எழுதியது கதை அல்ல, அன்றைய தேதி. அதையே வரிசையாகப் பக்கம் முழுதும் எழுதுவேன்.

வீட்டுக்காரர் அடுத்த தெருவில் இருந்தார். தெலுங்குக்காரர், மனையடி சாஸ்திரத்தில் பைத்தியம் உள்ளவர். மழைக்குமுன் ஓடுகளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று புரட்டாசியில் ஒரு நாள் வந்தார். வாசலில் நின்று கூப்பிடாமல் மூன்று முறை பலமாக இருமினார். நான் திரும்பியதும்தான் உள்ளே காலை வைத்தார். ஓட்டைப் பார்க்கவே இல்லை.

“அய்யய்யோ, இதேமி டீச்சரம்மா! நைருதி மூலையில தண்ணிக் கொடமா? பாரம் இருக்க வேண்டிய எடத்துல தண்ணி வெச்சா மனசு நிக்குமா?”

“மனசு நல்லாத்தான் நிக்குதுங்க.”

“நிக்கலேன்னு மூஞ்சி செப்புதே!” என்றவர், விரலை நீட்டி நீட்டி உத்தரவு போட்டார். தென்மேற்கு மூலையில் பெட்டி, வடகிழக்கில் தண்ணீர்க் குடம், தென்கிழக்கில் அடுப்பு. துடைப்பம் கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். “படுக்கறப்போ தல எந்தப் பக்கம்?”

“வடக்கே.”

கன்னத்தில் போட்டுக்கொண்டார். “வடக்க தல வெக்கக் கூடாதம்மா!”

“தெற்கே வச்சா கால் மலையைப் பார்க்குதே. சாமி இருக்கற பக்கம் காலை நீட்டலாமா?”

அவர் ஜன்னலையும் பாயையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுக்குத்தான் கிழக்க வெச்சுக்கோன்றேன்” என்றார், அதை முன்பே சொல்லிவிட்டவர்போல. பிறகு மேசைமேல் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். “இது ஒண்ணு மாத்திரம் பர்ஃபெக்டு. கிழக்கு பார்த்து எழுதறே. இத அசைக்கவே அசைக்காதே.”

படித்தவள் நான். அவர் போகும்வரை சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் தலை மறைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் செய்தேன். கார்த்திகைக்கு இரண்டு மாதமும் இல்லை. பெட்டியை இழுத்தேன், குடத்தைத் தூக்கினேன், அறையை இரண்டு தடவை கழுவிவிட்டேன். பழைய காலண்டர், உடைந்த கண்ணாடி, துரு ஆணி எல்லாவற்றையும் வெளியே எறிந்தேன்.

அறை அழகாகத்தான் ஆயிற்று. கண்ணை உறுத்தும்படி ஒரு பொருள் இல்லை. கிழக்கே தலைவைத்து நன்றாகத் தூங்கினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது எதைப்போல் இருக்கிறது என்று தெரிந்தது. ஊருக்குப் போய்விட்ட குடும்பத்தின் வீட்டைத் திறந்து பார்த்தது போல் இருந்தது. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. இடம் மாற்றி வைக்க அங்கே வேறு ஆள் இல்லை. மேசைமுன் உட்கார்ந்து மூன்று வரி எழுதினேன். மூன்றையும் அடித்தேன்.

தீபாவளி கழிந்து மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, வீட்டுக்காரர் பார்க்காமல் போன ஓடு கிழக்குச் சுவரோரம் ஒழுக ஆரம்பித்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் தாளெல்லாம் நனைந்து மை கரைந்திருந்தது. கரைந்தது பெரும்பாலும் தேதிகள்தான். மேசையை அறையின் நடுவுக்கு இழுத்தேன். சொட்டுகிற இடத்தில் அண்டாவை வைத்தேன். சாரல் அடித்ததால் ஜன்னலையும் சாத்தியாயிற்று. கதவு வழியாக வருகிற வெளிச்சம்தான். வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் என் நிழலே தாளின்மேல் விழுந்தது. வேறு வழியில்லாமல் மேசைக்கு அந்தப் பக்கம் போய், அண்டாவுக்கும் மேசைக்கும் நடுவில், வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் முன்போர்ஷன் அம்மாள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு கிணற்றடிக்குப் போனாள். என் வாசலைத் தாண்டியவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

“அட, மூஞ்சி தெரியுது!”

நான் எழுந்து நின்றேன்.

“அஞ்சு மாசமா உன் முதுகோடதான் குடித்தனம் பண்ணிக்கினு இருக்கறேன். ஜடையில எத்தினி பின்னல்னு கேளு, சொல்றேன்.”

“கூப்பிட்டிருக்கலாமே.”

“நல்லாச் சொன்ன போ! எழுதிக்கினு இருக்கறவளைப் பின்னாலருந்து கூப்பிடுவாங்களா? எடுத்த காரியம் கெட்டுப் போவாது? சதுர்த்திக்குக் கொழுக்கட்டை எடுத்துக்கினு வந்தேன். கொலுவுக்குச் சுண்டல் எடுத்துக்கினு வந்தேன். அப்புறம் ரெண்டு மூணு தடவை சும்மாப் பேசலாம்னு வந்தேன். நீ தலையைத் திருப்பினாத்தானே? வளையலை வேற ஆட்டிப் பார்த்தேன். நீ இன்னும் வெரசா எழுதற. சரி, படிச்ச பொண்ணு, பெருசா ஏதோ எழுதுதுன்னு கொழுக்கட்டையை நாங்களே துன்னுட்டோம்.”

“வாசப்படியில வச்சுட்டுப் போயிருக்கலாம்.”

“அது பிச்சை போட்டாப்பல ஆவாதா?”

அண்டாவில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

“நான் ஒண்ணும் எழுதலைக்கா” என்றேன். அந்த ஊரில் நான் யாரிடமும் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அது.

“அப்ப அத்தினி நாளும் என்னா பண்ணிக்கினு இருந்த?”

“தேதி போட்டுக்கினு இருந்தேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் குடம் நிலையில் இடித்து மணிபோல் ஒலித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். “சாமி அறை மாதிரி வச்சிருக்கற” என்றாள். பிறகு, மழையைப் பற்றிச் சொல்வதுபோல், “திங்கக்கிழமை கிளம்பறோம். திருத்தணிக்கு மாத்தல். எல்லை பிரிஞ்சப்பவே அந்தப் பக்கம் வேணும்னு எழுதிக் குடுத்திருந்தாரு, இப்பத்தான் வந்துது” என்றாள்.

இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மூட்டை கட்டுகிற நடுவே வந்து வந்து போனாள். சாயங்காலம் என் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

“நீ எழுது, நான் பேசமாட்டேன்” என்றவள் பேசிக்கொண்டே இருந்தாள். மாமியாரைப் பற்றி, பால்காரியின் மாட்டைப் பற்றி, திருத்தணி வீட்டுக் கிணறு உப்பாக இருக்குமோ என்று. நான் குனிந்து எழுதினேன். அவள் குரல் நாடா ஓடுகிற சத்தம்போல் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்கலாம் என்று இருந்தது. அதனாலேயே நிமிர்த்தத் தோன்றவில்லை. கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அவள் எழுந்தபோது என் முன்னால் இரண்டு பக்கம் இருந்தது. ஒரு வரிகூட அடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, நான் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் வண்டி வந்தது. “வந்து பாரு, இதோ இருக்குது திருத்தணி” என்றாள். “வரேன்க்கா” என்றேன். எந்தத் தெரு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால், ஐந்து மாதமாக நான் எவ்வளவு தனியாக இருந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும்போல் இருந்தது. கேட்கவில்லை. “பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிடுச்சு” என்று சொல்லி முன்னால் நடந்துவிட்டேன். அவள் பின்னாலிருந்து கூப்பிடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

முன்போர்ஷனில் பூட்டுத் தொங்கியது. நடையில் காலடியே இல்லை. வாசலைப் பார்த்தபடி பத்து நாளில் கதையை எழுதி முடித்தேன். கார்த்திகை முடிய மூன்று நாள் இருக்கையில் தபாலில் சேர்த்தேன்.

ஓடு மாற்ற வந்த வீட்டுக்காரர் இந்தத் தடவை இருமவில்லை, நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மேசையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

“அசைக்காதேன்னேனே! மேற்க பார்த்து எழுதினா எழுத்து நிக்காதும்மா.”

“ஒழுகுச்சுங்க.”

“அதான் ஓடு மாத்த வந்துட்டேனே. பழைய எடத்துக்கே போட்டுடு.”

“பழகிடுச்சுங்க” என்றேன்.

மலரில் என் கதை வந்தது. நகரியில் நைனா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் காட்டினார். நான் அதை வாங்கி நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தேன். கூடுதலாக ஒரு பிரதி வாங்கி, மேலே என் கையெழுத்தைப் போட்டு, தாள் சுற்றி வைத்தேன். அனுப்ப விலாசம் இல்லை. திருத்தணிக்கு பஸ்ஸில் போய்த் தாலுகா ஆபீஸில் விசாரித்தால் தெரிந்துவிடும். அதற்கு ஒரு நாள் லீவு போட்டால் போதும். இன்னும் போகவில்லை.

அந்தப் பிரதி தென்மேற்கு மூலையில், பெட்டிக்குள் இருக்கிறது. மேசை வாசலைப் பார்த்தபடியே இருக்கிறது. முன்போர்ஷனுக்கு யார் யாரோ வந்தார்கள், போனார்கள். நடையில் காலடி கேட்டால் நிமிர்ந்து பார்க்கிறேன். குடத்தோடு யாராவது கிணற்றடிக்குப் போவார்கள்.