நடுங்கும் கையால் போட்ட ஊசி

எனக்குச் சலரோகம் என்று கண்டுபிடித்தபோது வயது முப்பத்துநாலு. எழுபதுகளின் தொடக்கம். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன், வீடு புளியங்கூடலில். குளிசை சரிவராது, தினமும் காலையில் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போடவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க.

வீட்டில் நானே போட்டுக்கொள்ளலாம் என்று நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிற ஆஸ்பத்திரித் தாதி முதல் நாளே சொன்னார். மண்டைதீவிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற, அதிகம் பேசாத மனுஷி. ஊசிக்குழாயைக் கொதிநீரில் அவிப்பது, மருந்தை எந்தக் கோடு வரைக்கும் இழுப்பது, தொடைத் தசையை இரண்டு விரலால் தூக்கிப் பிடிப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் காட்டினார். எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் ஊசிமுனை தோலுக்குக் கிட்ட வந்ததும் கை நடுங்கத் தொடங்கி, அப்படியே நின்றுவிட்டது.

"என்னாலை ஏலாது மிஸ்ஸி" என்றேன்.

என் மனைவி முயன்று பார்த்தாள். அவளுக்குத் தலைசுற்றி, கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே விடிந்ததும் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டுக்கொண்டு, கையோடு கொண்டுபோன இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கந்தோருக்குப் போவேன். வெளியூரில் ஓர் இரவு தங்குவது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். நெடுந்தீவில் கலியாணம் செய்திருந்த தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு வயதாகியும் நான் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு விஷயமும் அப்படித்தான். இனிப்பை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். சீனி கடைகளில் தட்டுப்பாடான காலம் என்பதால் அதை விடுவது கஷ்டமாக இருக்கவில்லை. பனங்கட்டிதான் விடவில்லை. மனைவிக்குத் தெரியாமல் சேட்டுப் பையில் இரண்டு துண்டு வைத்துக்கொண்டு, கந்தோரில் வெறும் தேநீரோடு கடிப்பேன். ஓர் ஊசியைப் போடத் தெரியாதவன் பனங்கட்டியை எப்படி விடப்போகிறான் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

அந்த மாரியில் ஒரு கிழமை மழையும் வாடைக்காற்றும் விடாமல் அடித்தன. மழை குறையட்டும் என்று காத்திருந்து நேரம் போய்விட, நாலு நாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நேரே கந்தோருக்குப் போனேன். வீட்டில் கேட்டபோது ஊசி போட்டாயிற்று என்று பொய் சொன்னேன். ஐந்தாம் நாள், யாருக்கோ முத்திரை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தேன்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். மனைவி கட்டிலருகே இருந்தாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்காவது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் நெடுந்தீவிலிருந்து வந்த கடற்தொழிலாளி ஒருவர் இருந்தார். என்னை விட ஐந்தாறு வயது இளையவர், கழுத்தில் செபமாலை. அவருக்கும் இதே வருத்தம்தான். கடலுக்குள் முருகைக்கல் காலை வெட்டிய காயம் ஆறாமல் வந்து படுத்திருந்தார்.

நான் எழும்பி இருக்கத் தொடங்கிய அன்று, மிஸ்ஸி இரண்டு ஊசிக்குழாய்களோடு வந்து, தாங்களாகவே ஊசி போடாமல் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக முடியாது என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர் கையை நீட்டி ஒன்றை வாங்கினார். சாரத்தை உயர்த்தித் தொடையைப் பிடித்தார். அவருடைய கை நடுங்குவது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இதோ ஊசியைக் கீழே வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை. நடுங்கிய கையாலேயே குத்தி, மருந்தை மெல்ல இறக்கி, ஊசியை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கை நடுங்கும் அண்ணை. அது தன்ரை பாட்டுக்கு நடுங்கட்டும். நடுங்கிற கையாலையும் ஊசி போகும்."

கை நடுங்காதவர்கள் செய்கிற வேலை இது என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். நடுக்கம் நின்ற பிறகு பார்க்கலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தவன் நான். அது நிற்கவேண்டிய தேவையே இல்லை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. யாரும் செய்து காட்டியதுமில்லை.

அன்றைக்கு நான் மருந்தை இழுத்துக் கொடுத்தால் போதும் என்றார் மிஸ்ஸி. அடுத்த நாள் அவர் குத்த, நான் மருந்தை இறக்கினேன். மூன்றாம் நாள் நானே குத்தினேன். முள் ஏறியதை விடக் குறைவாகத்தான் நொந்தது. என் கண்கள் கலங்கியிருந்தன. மிஸ்ஸி அட்டையில் எழுதிவிட்டு, "நாளைக்கு மற்றத் தொடையிலை போடுங்கோ" என்று சொல்லிப் போய்விட்டார்.

வீட்டில் முதல் நாள் ஊசி வளைந்தது. இரண்டாம் நாள் இரத்தம் கசிந்தது. மனைவி குசினி வாசலில் மறுபக்கம் திரும்பி நின்று, "முடிஞ்சுதோ?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு மாதத்தில் ஊசிக்குழாயை அவித்துத் தருகிற அளவுக்கு அவளும் துணிந்துவிட்டாள்.

பிறகு ஒரு காலை, வழக்கம்போலப் பனங்கட்டியைச் சேட்டுப் பைக்குள் போடப் போனவன், இதையும் விட்டுப் பார்த்தால் என்ன என்று நினைத்து, திரும்ப டின்னுக்குள் போட்டேன். அடுத்த கிழமையே தோற்றுப்போய்க் கடித்தேன்தான். ஆனால் முன்னைப்போல, "பார், உன்னால் ஏலாது" என்று மனம் சொல்லவில்லை. மறுநாள் மறுபடி விட்டேன். மெல்ல மெல்ல அது நின்றுபோனது. பின்னேரங்களில் நடக்கவும் தொடங்கினேன்.

பங்குனியில் கடல் அமைதியானதும் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி நெடுந்தீவுக்குப் போனேன். மருந்துப் போத்தலை ஈரத்துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். தங்கச்சியின் மகள் என்னைக் கண்டு பயந்து அழுதாள். பின்னேரம் மடியில் ஏறினாள். மறுநாள் காலை அங்கேயே ஊசியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கடற்தொழிலாளியின் வீட்டைத் தேடிப் போனேன்.

அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சீனி போடாத தேநீர் தந்தார். மனைவிக்கு முன்னாலேயே நான் அவருக்கு நன்றி சொன்னேன். பிறகு மனைவியிடம், உங்கள் கணவர் அன்று செய்து காட்டியிராவிட்டால் நான் இன்றைக்கு இங்கே வந்திருக்கமாட்டேன் என்றேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "இவரோ? அண்டுவரைக்கும் நான்தான் இவருக்கு ஊசி போட்டனான். ஆஸ்பத்திரியிலைதான் முதல்முதல் தானாப் போட்டவர்."

கணவர் வெட்கத்தோடு வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழகியவர்போல எப்படி அந்தப் பேச்சுப் பேசினீர் என்று கேட்டேன்.

"உங்கடை முகத்தைப் பாத்தன் அண்ணை. நானும் பின்வாங்கினா ரெண்டு பேரும் அங்கையே கிடக்கவேண்டி வரும் எண்டு நினைச்சனான்."

அவருக்குத் தான் செய்தது பெரிய காரியமாகப் படவில்லை. எனக்கு அதற்குப் பிறகு வாழக் கிடைத்த வருடங்களெல்லாம் அவரும், அந்த மிஸ்ஸியும், குசினி வாசலில் நின்ற என் மனைவியும் தந்தவை என்றே படுகிறது.

அன்று மத்தியானம் தங்கச்சி இன்னும் நிற்கச் சொன்னாள். நெடுந்தீவுத் தபாற்கந்தோருக்கு நடந்து போய், என் கந்தோருக்குத் தந்தி அடித்து, லீவை இரண்டு நாள் கூட்டிக்கொண்டேன்.