ஐந்தரை மணிக்குச் சுழலும் கார்

"செவ்வாய். மாலை 5.32. பதினான்காம் சுற்று. மூன்றாம் வளைவில் பின்னாலிருந்து இடி. கார் சுழன்றது. பின் ஸ்பிரிங்கை இன்னும் ஒரு புள்ளி இளக்க வேண்டும்."

என் ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில், பென்சிலில், என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. கிழமையையும் நிமிடத்தையும் அத்தனை அக்கறையாக எழுதிய நான் தேதியை எழுதவில்லை. அட்டையில் ஆண்டு இருந்த மூலை கிழிந்துபோயிருக்கிறது. முழுப்பரீட்சை முடிந்த விடுமுறை என்பது உறுதி. 2002ஆம் ஆண்டு மே மாதம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சித்தப்பா அப்போது கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தார். கடையில் மிஞ்சிய பாகங்களைச் சேர்த்து ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி, காளவாசல் வீட்டில் ஹாலை ஒட்டிய சின்ன அறையில் வைத்திருந்தார். இன்டர்நெட் தொலைபேசி லைன் வழியாகத்தான் வரும். மோடம் ஒரு நிமிடம் கத்திக் கரகரத்து அடங்கினால் இணைப்பு கிடைத்ததாக அர்த்தம். அது இருக்கிறவரை வெளியிலிருந்து யார் எங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தாலும் என்கேஜ்டு சத்தம்தான் கேட்கும்.

அந்தக் கோடையில் எங்களைப் பிடித்து ஆட்டியது கம்ப்யூட்டரில் ஆடும் ஸ்டாக் கார் பந்தயம். பார்ப்பதற்குத் தெருவில் போகும் காரைப் போன்ற உடம்பு, உள்ளே யானை பலம். முட்டை வடிவப் பாதையில் பதினாறு கார்கள் உரசிக்கொண்டும் இடித்துக்கொண்டும் நாற்பது சுற்று ஓட வேண்டும். மற்ற விளையாட்டுகளில் இடிப்பது தப்பு. இதில் இடிக்காமல் ஓட இடமே கிடையாது. ஒரு ஐரோப்பியர் தன் மதிய இடைவேளையில் தினமும் இன்டர்நெட்டில் ஒரு பந்தய அறையைத் திறந்து வைப்பார். எங்களுக்கு அது மாலை ஐந்தேகால். அறையைத் திறந்தவர் என்பதால் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்ற அதிகாரமெல்லாம் அவரிடம்தான். சித்தப்பா அவரை 'மாப்ள' என்றுதான் குறிப்பிடுவார். கூட ஓடிய மற்ற பதினான்கு பேரும்கூடச் சித்தப்பாவுக்கு மாப்ளைகள்தான்.

ஓட்டுவது நான். காரைச் சரிசெய்வது சித்தப்பா. அம்புக்குறிப் பொத்தான்களுக்கு என் விரல்தான் பொருத்தம் என்பது அவர் சொன்ன காரணம். அவர் ஓட்டிய இரண்டு நாளும் முதல் சுற்றிலேயே சுவரில் மோதினார் என்பது நோட்டில் உள்ள காரணம்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே அம்மா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, எல்லாரும் இடப்பக்கமாவே சுத்துறாய்ங்க? கோயிலச் சுத்துறதுக்கு நேர் மாறால்ல இருக்கு. நல்ல காரியத்துக்கு யாராவது இப்படிச் சுத்துவாங்களா?"

"அவுங்க ஊருல அப்படித்தான் மதினி. அதுக்குத்தான் எடையப் பூராம் இடது பக்கம் ஏத்திவச்சிருக்கேன்."

"அதான் நட்டுக்கிட்டு நிக்கிது" என்று சொல்லிவிட்டு அம்மா துணியோடு போய்விட்டாள்.

அம்மா சொன்னது அநியாயமில்லை. எங்கள் மஞ்சள் கார் ஒரு பந்தயத்தையும் முடித்ததில்லை. பத்துப் பன்னிரண்டு சுற்று ஒழுங்காகப் போகும். பிறகு பின்னாலிருந்து ஒரு தட்டு விழும். உடனே பம்பரமாகச் சுழன்று பாதைக்குக் குறுக்கே நிற்கும். பின்னால் வருகிற நாலைந்து கார்கள் அதன்மேல் வந்து குவியும். கோபத்தில் சித்தப்பா இணைப்பைத் துண்டித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். நான் நோட்டை எடுத்துக் கிழமை, நிமிடம், சுற்று, வளைவு என்று எழுதுவேன்.

காளவாசல் சிக்னலில் ஒருநாள் சித்தப்பாவுக்கு ஞானம் பிறந்தது. ஒரு ஷேர் ஆட்டோ டவுன் பஸ்ஸின் பின்னால் தட்டிவிட்டுத் தன் முகப்பு விளக்கைத் தானே பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? பஸ்ஸு அசஞ்சுச்சா? டிரைவர் திரும்பியாச்சும் பாத்தாரா? நாம ஆட்டோவ ஓட்டிக்கிட்டு இருக்கோம் பாப்பா. பஸ்ஸா மாத்தணும்."

அன்றிலிருந்து வேகத்தை மறந்தோம். பின் ஸ்பிரிங்கை இளக்கினால் பின்சக்கரம் தரையை விடாமல் பிடிக்கும். முன்பக்கத்தை இறுக்கினோம். பிரேக்கின் பெரும்பங்கை முன்சக்கரங்களுக்குத் தள்ளினோம். பின்னால் இருக்கும் சிறகை உயர்த்திக் காற்றைச் சுமக்கவைத்தோம். என் விரல் பதறினாலும் கார் பதறாமல் இருக்க ஸ்டியரிங் திரும்பும் அளவைப் பாதியாகக் குறைத்தோம். வளைவில் திரும்பச் சொன்னால் யோசித்துத் திரும்பும் சோம்பேறிக் கார் ஒன்று உருவானது. வேகம் குறைந்தது. ஆனால் பக்கவாட்டில் எவன் உரசினாலும் பஸ்ஸைப் போல ஒருமுறை குலுங்கிவிட்டு நேராகவே போனது.

ஐந்தரை மணிவரை. அதற்குப் பிறகு சுழன்றது.

புதன்கிழமை மாப்ளையிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. சித்தப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். வெள்ளிக்கிழமை ஒரு வாய்ப்பு தருவதாகவும், அன்றும் குறுக்கே நின்று மற்றவர்களைக் கெடுத்தால் இனி இந்த அறைக்குள் விடமாட்டேன் என்றும் எழுதியிருந்தார். எங்கள் இழுபறி இணைப்பைச் சேர்த்துக்கொண்ட அறை அது ஒன்றுதான். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை நாற்பதாம் சுற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

எனக்கும் சித்தப்பாவுக்கும் தெரியாதிருந்த ஒன்றை வாசகருக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாடி அறையில் அதே லைனில் இன்னொரு ஃபோன் இருந்தது. அந்த அறையில் இருந்தவள் அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை. டைப்ரைட்டிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்புவாள். கோரிப்பாளையத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் ஒருவர் வேலை பார்த்தார். கடைக்காரர் டீக்கு வெளியே போகும் ஐந்தரை மணிக்கு அவர் கல்லாவில் தனியாக இருப்பார். அந்த நேரம் பார்த்து அத்தை மாடியில் ரிசீவரை எடுப்பாள். மோடத்தின் இரைச்சல் காதில் விழும். வைத்துவிடுவாள். அந்த இரண்டு நொடியில் எங்கள் இணைப்பு தடுமாறும். என் கார் உறைந்து நிற்கும். பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். நாங்கள் திட்டிக்கொண்டே லைனைத் துண்டிப்போம். துண்டித்ததும் அத்தைக்கு லைன் கிடைத்துவிடும்.

அதாவது, ஸ்பிரிங்குக்காக நான் எழுதிய நோட்டில் இருந்தது அத்தையின் ஃபோன் கணக்கு. அதைத்தான் வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில், குடும்பம் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, சத்தமாகப் படித்தேன்.

"திங்கள் அஞ்சு முப்பத்தொன்னு. செவ்வாய் அஞ்சு முப்பத்தி ரெண்டு. புதன் அஞ்சு முப்பத்தி ரெண்டு. போன வாரம் வெள்ளி அஞ்சு முப்பத்தி மூணு."

அப்பா பள்ளி ஆசிரியர். எண்கள் வரிசையாக வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தார்.

"அதென்னடா தெனமும் அஞ்சரைக்கே சுத்துது?"

"டயரு சூடாயிருது அண்ணே" என்றார் சித்தப்பா.

"டயரு சூடாகுறதுக்கு நேரம் பாத்தா ஆகும்? ஞாயித்துக்கெழம சுத்துச்சா பாப்பா?"

நான் நோட்டைப் புரட்டினேன். "ஞாயித்துக்கெழம ஒரு தடவகூடச் சுத்தலப்பா."

ஞாயிறு கண்ணாடிக் கடைக்கு விடுமுறை.

அத்தைக்குப் புரையேறியது. அம்மா அவள் தலையைத் தட்டிக்கொண்டே, "ரசம் ஊத்தவா, மோரு ஊத்தவா?" என்று அப்பாவைக் கேட்டாள். அவருடைய தட்டில் அப்போதுதான் சாம்பார் ஊற்றியிருந்தாள். அப்பாவும் மோர் என்று சொல்லிவிட்டார். பேச்சு அத்தோடு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் பக்கம் திரும்பியது. அத்தையைப் பெண் பார்க்கத் தேனியிலிருந்து வருவதாக இருந்தார்கள். அந்த ஞாயிறைப் பற்றி எனக்கு இருந்த ஒரே அக்கறை, கேசரியில் முந்திரி எம்புட்டுப் போடுவார்கள் என்பதுதான்.

சாப்பாடு முடிந்ததும் அத்தை என்னைப் படிக்கட்டில் பிடித்தாள்.

"நாளைக்கு எம்புட்டு நேரம்டி ஓடும் ஒன் காரு?"

"நாப்பது சுத்து. அஞ்சு இருவதுக்கு ஆரம்பிச்சா ஆறுக்குள்ள முடிஞ்சிரும். சுத்துச்சுன்னா எங்கள வெளிய தள்ளிருவாங்க அத்தை."

அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். "சுத்தாது, போ" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தேகாலுக்கு அத்தை மாடிக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு எங்கள் அறையில் உட்கார்ந்தாள். "குடு, நான் எழுதுறேன். நீ ஓட்டு" என்று நோட்டை வாங்கிக்கொண்டாள். எனவே அந்த ஒரு பக்கம் மட்டும் அத்தையின் உருண்டையான கையெழுத்தில் இருக்கிறது.

பந்தயம் ஐந்து இருபதுக்குத் தொடங்கியது. இரண்டாம் சுற்றிலேயே பச்சைக் கார் ஒன்று இடித்தது. குலுங்கினேன், சுழலவில்லை. எட்டாம் சுற்றில் சுவருக்கும் ஒரு வெள்ளைக் காருக்கும் நடுவில் நசுங்கியபடி அரைச் சுற்று போனேன். "உருட்டு, உருட்டு, திருப்பாத! அவனே வெலகுவான்!" என்று சித்தப்பா நாற்காலிக்குப் பின்னால் நின்று கத்தினார். விலகினான். பதினான்காம் சுற்று வந்தபோது என் விரல்கள் வியர்த்துவிட்டன. கடிகாரத்தில் ஐந்து முப்பத்திரண்டு. பின்னால் யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை. மஞ்சள் கார் சொகுசாக வளைவைக் கடந்தது. நோட்டில் அந்த இடத்தில் அத்தை எழுதியிருப்பது: "5.32. ஒன்றும் ஆகவில்லை."

இருபத்தாறாம் சுற்றில் இடித்தது மாப்ளையே. என்னைச் சோதித்தார் என்றுதான் நினைக்கிறேன். பின்பக்கம் முழுசாக ஒரு இடி. கார் வாலை ஒருமுறை ஆட்டியது. நான் பொத்தானைத் தொடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தானாக நேராகிவிட்டது. "பஸ்ஸுடி!" என்று சித்தப்பா மேசையைக் குத்தினார். கம்ப்யூட்டர் ஆடியது. அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

முப்பத்தெட்டாம் சுற்றில் வாசல் மணி அடித்தது. நாங்கள் மூவரும் அசையவில்லை. ஹாலில் அப்பா எழுந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு ஆண்குரல் கேட்டது. முப்பத்தொன்பதாம் சுற்றின் நடுவில், ஸ்டூல் நகர்ந்த சத்தம்கூட இல்லாமல் அத்தை எழுந்து போய்விட்டாள். பேனா நோட்டின்மேல் திறந்தபடி கிடந்தது.

நாற்பது. முடிவுக் கோடு. பதினொன்றாம் இடம். எனக்குப் பின்னால் ஐந்து பேர். அந்த ஐவரும் பாதியில் நின்றவர்கள் என்பதையும், ஓடி முடித்தவர்களில் நான்தான் கடைசி என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். அப்போது அதெல்லாம் கண்ணில் படவில்லை. சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இடப்பக்கமாகவா என்பது நினைவில்லை.

"பதினொன்னு! பதினொன்னு!" என்று கத்திக்கொண்டே ஹாலுக்கு ஓடினேன்.

ஹாலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வாசலுக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால் வைத்து, வியர்த்துப்போன ஒல்லி மனிதர் ஒருவர் நின்றார். கையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி. கொஞ்சம் முன்னால் நடந்ததை அம்மா பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறாள். "கண்ணாடி ரெடியாயிருச்சு சார், குடுக்க வந்தேன்" என்றாராம் அவர். "அதான் போட்டுருக்காளே" என்று அப்பா அத்தையின் முகத்தைக் காட்டினாராம். அவர் பெட்டியைப் பார்த்து, அத்தையைப் பார்த்து, கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டாராம்: "எத்தன தடவ போட்டாலும் ஃபோனு என்கேஜ்டாவே இருந்துச்சு சார். ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கணும். அதான் வந்துட்டேன்."

அந்த வார்த்தைக்குப் பிறகு விழுந்த மௌனத்தில்தான் நான் உள்ளே நுழைந்திருக்கிறேன். என் பதினொன்றாம் இடத்தைக் கேட்டுத்தான் வீடே பேச்சிழந்து நிற்கிறது என்று உறுதியாக நம்பினேன். அப்பாவின் கண் கலங்கியிருந்ததும் அந்த நம்பிக்கையைப் பலப்படுத்தியது. புதிதாக வந்தவருக்கும் விஷயம் தெரியட்டும் என்று அவர் அருகில் போய், "பதினாறு பேருல பதினொன்னு. ஒரு தடவகூடச் சுத்தல" என்றேன்.

"பெரிய விஷயம்தான் பாப்பா" என்றார் அவர். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கடைசியில் வாயைத் திறந்தார். "உள்ள வாங்க. நின்னுக்கிட்டே எப்படிக் கேப்பீங்க?"

தேனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. கேசரி மட்டும் செய்தார்கள். ஆவணியில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கண்ணாடிப் பெட்டியோடு வந்தவர்தான். எனக்கு அவர் மாமாவானார்.

நோட்டை வைத்து நான் ஓரளவுக்குத்தான் எதையும் நிறுவ முடியும். இடி எதுவும் விழாத ஐந்து முப்பத்திரண்டுக்கு அத்தை ஏன் ஒரு வரி எழுதினாள்? ஃபோனை எடுப்பதுதான் எங்கள் காரைச் சுழற்றுகிறது என்று முந்தைய இரவே அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் சான்று. அதுவரை சந்தேகமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை அவள் எங்கள் அறையில் உட்கார்ந்தது என் நாற்பது சுற்றுக்காகவா? அல்லது லைன் கிடைக்காமல் போனால் கோரிப்பாளையத்திலிருந்து ஒருவர் தைரியம் வந்து கிளம்பிவிடுவார் என்று கணக்குப் போட்டா? இரண்டாவதுதான் என்கிறார் மாமா. பின் ஸ்பிரிங்தான் காரணம் என்கிறார் சித்தப்பா. போன பொங்கலுக்கு அத்தையிடமே கேட்டேன். "எது, பதினொன்னாவது எடம் வாங்குன அன்னைக்கா? நல்லாத்தான்டி ஓட்டுன" என்றாள். இந்த விவரம் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.