இந்தியாக்காரர் கடையில் மாமி

கல்முனைக் கடைத்தெருவில் எந்தக் கடையில் எதைத் தின்பது என்று என்னைக் கேட்காமல் என் கூட்டாளிகள் எவனும் கை நனைத்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் அங்கே ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை எனக்கு. பொத்துவிலிலிருந்து பஸ்ஸில் வந்தவர்களும், துணி வாங்கி முடிந்ததும், "காக்கா, எங்க நல்ல சாப்பாடு?" என்று என்னிடம்தான் கேட்பார்கள்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். புரியாணி என்றால் இன்ன கடை, அதுவும் வெள்ளிக்கிழமை மட்டும். ரொட்டியும் மாட்டிறைச்சிக் கறியும் என்றால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பதினொரு மணிக்கு முன்னால். மீன் என்றால் கடையே வேண்டாம், வீட்டுக்குப் போ. அப்படி ஒரு நாக்கு எனக்கு.

அந்த நாக்கை வைத்துக்கொண்டு என் மனைவிக்கு ஒரு வாய்ச் சாப்பாடு தேட முடியாமல் நின்றேன் பாருங்கள், அதுதான் கதை.

சூறாவளி அடித்த அடுத்த வருஷம் அவளுக்கு மூன்றாம் மாதம். அதற்கு முன்பு ஒரு பிள்ளை இதே மூன்றாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இந்த முறை எதைத் தின்றாலும் சத்தி, வாந்தியாக வந்துவிடும். குறிப்பாக மீன் வாசம் ஆகாது. நாங்கள் இருந்த சாய்ந்தமருதில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், அடுத்த வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் மீன் பொரிகிற ஊரில், ஒரு பெண்ணுக்கு மீன் வாசம் ஆகாதென்றால் அவள் எங்கே போவாள்? டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், வயிற்றில் சாப்பாடு நிற்காவிட்டால் பிள்ளையும் நிற்காது என்று.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். ஆகவே நான் இருந்தது மாமியின், அதாவது மனைவியின் தாயாரின், வீட்டில். மாமி என்னோடு நேரே கதைக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, "மருமகன் தேத்தண்ணி குடிச்சாராமா புள்ள?" என்று மகளைக் கேட்பார். நானும் மகளிடமே பதில் சொல்வேன். என் முன்னால் ஒரு வாய் தின்றதுமில்லை. ஆனால் வீட்டில் வேறு யார் பேச்சும் எடுபடாது; மாமி சொன்னதுதான்.

நான் தெரிந்த கடையெல்லாம் ஏறி இறங்கினேன். இடியப்பம் கொண்டு போனேன், திரும்பி வந்தது. ரொட்டி கொண்டு போனேன், பார்சலை அவிழ்க்கும்போதே ஓடிப் போனாள். ஒரு நாள் பொறுமை கெட்டு, "உனக்காக ஊரெல்லாம் நாயா அலையிறன், நீ ஒரு வாய் திங்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். "நான் வேணுமெண்டா சத்தி எடுக்கிறன்?" என்று அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பிறகுதான் புத்தி வந்தது. மீனே நுழையாத அடுப்பு எது? சைவக் கடை அடுப்பு. கடைத்தெருவில் பாண்டிருப்புக்குப் போகிற பக்கமாக மூன்று சைவக் கடைகள் இருந்தன. முதலாவதில் மேசை துடைக்கிற துணி நாறியது, வாசலோடு திரும்பினேன். இரண்டாவதில் சாம்பாரில் பெருங்காயத்தைக் கொட்டியிருந்தார்கள், எனக்கே தலை சுற்றியது. மூன்றாவது, இந்தியாவிலிருந்து வந்த ஒருவர் நடத்திய கடை. எல்லோரும் இந்தியாக்காரர் கடை என்போம். நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு, கல்லாவில் ஒரு காலும் சமையலறையில் ஒரு காலுமாக நிற்பார். வாசலில் ஊதுபத்தி வாசம். உள்ளே போனால் வெந்த மாவின் வாசம் மட்டும்தான். இட்டலியைப் பிட்டு வாயில் வைத்தேன். பஞ்சு!

நாலு நாள் இட்டலி கட்டிக்கொண்டு போனேன். நாலு நாளும் அது வாழை மரத்தடியில் கோழிக்குத்தான் போனது. ஐந்தாம் நாள் முதலாளி என்னை மறித்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. தினமும் இட்லி கட்டிட்டுப் போறீங்க, மறுநாள் தொங்கின மூஞ்சியோட வர்றீங்க. என் இட்லியில என்ன குறை?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், போன பிள்ளையையும் சேர்த்து. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இட்லின்னா ஆவி போறதுக்குள்ள வாய்க்குப் போகணும். உங்க சைக்கிள்ல தொங்கி, வேர்த்து, மீன் வாடையில போய் எறங்கினா அது செத்த இட்லி. வீட்டம்மாவை இங்க கூட்டிட்டு வாங்க. பத்து மணிக்குக் கடையில ஈ காக்கா இருக்காது."

எங்கள் வீட்டுப் பெண்ணைக் கடைக்குக் கூட்டிப் போவதா! இருந்தாலும் அன்று மதியம் மனைவியிடம் சொன்னேன், மாமிக்குக் கேட்கிற சத்தத்தில். கதவுக்குப் பின்னாலிருந்து, "நம்மட குடும்பத்துப் பொம்புள கடையில குந்தித் திண்ட சரித்திரம் இரிக்கா?" என்று மட்டும் கேட்டது. முடிந்தது காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வேலைக்குப் புறப்படுகிறேன். மாமி முக்காடு போட்டு, கையில் குடையோடு வாசலில் நிற்கிறார். "ஊரு சொன்னாச் சொல்லட்டும். ஊரா புள்ளையச் சுமக்கிது? மருமகனுக்குச் சொல்லு புள்ள, காரைக் கூப்பிடட்டாம்."

பத்து மணிக்குக் கடை வெறிச்சோடிக் கிடந்தது. மாமியும் மகளும் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். நான் மரியாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு மேசையில். ஆனால் சைவக் கடைச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி இருக்குமே, எல்லாம் தெரிந்தது. பரிமாறுகிற வயதான மனிதர் நெய்த் தோசை, ரவைத் தோசை, மசாலாத் தோசை, பூரி என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். நானாக இருந்தால் மசாலாத் தோசைதான் சொல்லியிருப்பேன். முதலாளி வந்து அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"சாம்பார் வேண்டாம், பெருங்காயம் குமட்டும். சட்னி வேண்டாம், தாளிச்ச எண்ணெய் வாசம். தோசையும் இன்னைக்கு வேண்டாம். இட்லி ரெண்டு, இஞ்சித் துவையல் சுண்டைக்காய் அளவு, ஒரு தம்ளர் ரசம். அம்மாவுக்கும் அதேதான்."

என் நாக்கு படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் பூச்சியம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சாப்பாடு சொல்வது வேறு வித்தை, அது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு தட்டு வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கை போகவில்லை. அப்போது மாமி தன் தட்டு இட்டலிகளைத் தூக்கி மகளின் தட்டில் வைத்தார், வெறுந்தட்டைப் பரிமாறுகிறவரிடம் நீட்டினார், இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி மகளின் தட்டிலேயே கையை வைத்தார்.

எங்கள் விருந்துகளில் சகன் என்று ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து தின்போம். நல்ல துண்டு நம் முன்னால் கிடந்தால் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டதைத் தின்னாமல் எழும்புவது மரியாதைக் கேடு. மாமிக்கு இது எல்லா இடத்துக்கும் பொது. ஆனால் அது சைவக் கடை. அங்கே ஒருத்தர் கை வைத்த தட்டில் இன்னொருத்தர் கை வைத்தால் எச்சில்.

"ஐயையோ, எச்சில் தட்டும்மா! ரெண்டு பேர் சாப்பிடக் கூடாது!" என்றார் பரிமாறுகிறவர். தோசைக்கல்லில் நின்றவர் எட்டிப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. எழுந்து போய் மன்னிப்புக் கேட்பதா, மாமியைத் தடுப்பதா?

மாமி நிமிரவே இல்லை. "தனியத் திண்டாப் பறக்கத் இல்ல, அல்லாஹ்ட அருள் இறங்காது. இவள் தனியத் திண்டுதான் இப்பிடிக் கிடக்கிறாள்" என்று சொல்லி, ஒரு வாய் தான் தின்று, ஒரு துண்டை மகளின் பக்கம் தள்ளினார். மகள் அதைப் பார்த்தாள். உம்மா தள்ளிவிட்டதை எப்படி விடுவது? எடுத்து வாயில் வைத்தாள். மாமி அடுத்ததைத் தள்ளினார்.

முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கும் அது ஒவ்வாதுதான், முகம் சொன்னது. பிறகு உள்ளே போனார். ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் தலை வாழையிலை ஒன்றை விரித்து, நாலு இட்டலி வைத்து, தானே கொண்டு வந்து அவர்கள் நடுவில் வைத்தார். "தட்டு சின்னது, கை இடிக்கும். இதுல சாப்பிடுங்கம்மா" என்றார்.

மூன்று இட்டலி. நான் கண்ணாடியில் எண்ணினேன். ரசத்தையும் குடித்தாள். பிறகு எல்லோரும் காத்திருந்தோம், அவள் எப்போது வெளியே ஓடுவாள் என்று. முதலாளிகூடக் கல்லாவை விட்டு அசையவில்லை. அவள் ஒரு ஏப்பம் விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமி. நான் கண்ணைத் துடைத்தது கண்ணாடியில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், போகட்டும்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம், கடை திறந்த நாளெல்லாம், பத்து மணிக்கு அந்தத் தாம்பாளம் மூலை மேசையில் இருந்தது. ஊர் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்தது.

பெண் பிள்ளை பிறந்தது. நாற்பது நாள் கழிந்ததும் மாமி புதுச் சட்டி ஒன்று வாங்கினார், அன்று பகல் வரை வீட்டில் மீன் ஏற்றவில்லை, பாற்சோறு ஆக்கி, சர்க்கரைக் கட்டியும் எடுத்துக்கொண்டு, பிள்ளையோடு எங்களையும் கூட்டிக்கொண்டு இந்தியாக்காரர் கடைக்குப் போனார். மூலை மேசையில் அதே தாம்பாளம் இருந்தது. மாமி சோற்றை அதில் வைக்கப் போனார்.

முதலாளி கை கூப்பினார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஒரே தட்டுல சாப்பிட எனக்கு வராது. பழக்கம் அப்படி. தனி இலையில போடுங்க, சந்தோஷமாச் சாப்பிடுறேன்."

மாமியிடம் தனியே தின்னக் கேட்பதா? மாமி இரண்டு இலை கேட்டு வாங்கி விரித்தார். ஒன்றில் முதலாளிக்குப் போட்டார், மற்றதில் தனக்குப் போட்டார். என் முன்னால் ஒரு வாய் தின்னாத மாமி, அவருக்குத் துணையாக, தனி இலையில் தின்னத் தொடங்கினார்.

இரண்டு வாய்தான். மாமியின் விரல்கள் தன் இலையிலிருந்த நல்ல சர்க்கரைத் துண்டைப் பழக்கதோஷத்தில் அவர் பக்கம் தள்ளிக்கொண்டு போயின. இலையின் ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

முதலாளி அதைக் கண்டார். தன் இலையை இழுத்து, மாமியின் இலையோடு முட்ட வைத்தார்.

"தள்ளுங்கம்மா" என்றார்.

மாமி தள்ளினார். அவர் எடுத்துத் தின்றார்.