வைஸில் மாட்டிய துப்பாக்கி

குறி வைத்துச் சுட்ட அட்டையைப் பத்மா கையில் எடுத்துப் பார்த்தாள். டேப் பிடித்து அளந்த பத்து மீட்டர் தூரம். பத்துக் குண்டு. பத்தும் பத்துப் பக்கம் போயிருந்தன. தாளிக்கும்போது சட்டிக்கு வெளியே தெறிக்கிற கடுகுகூட இதைவிட ஒழுங்காக விழும்.

"இன்னாடி இது?" என்று மகளைப் பார்த்தாள். "இத்த வெச்சிகினா நாலு வருஷமா சுட்டுகினு இருந்த?"

 ஷர்மிளாவின் பார்வை துப்பாக்கி மீதே இருந்தது. பழைய ஏர் ரைஃபிள் அது. குழலை ஒடித்து மடக்கிக் குண்டு போடுகிற ஸ்பிரிங் வகை. கட்டையில் வார்னிஷ் போய், கன்னம் பதிகிற இடம் மட்டும் அவள் முகத்து எண்ணெயில் பளபளத்தது. இப்போது அது திருமழிசை தொழிற்பேட்டையில், பத்மா வேலை பார்க்கும் பட்டறையில், இரும்புத் தாடைகளால் கவ்விப் பிடிக்கிற பெரிய வைஸில், இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து இறுக்கப்பட்டு, ஆடாமல் அசையாமல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மெஷின் எதுவும் ஓடவில்லை. முதலாளியிடம் சொல்லிச் சாவி வாங்கி வந்திருந்தாள் பத்மா.

ஷர்மிளா சுடப் பழகும் கிளப்பில் இரவல் வாங்கி வந்த புதுத் துப்பாக்கியை அடுத்து மாட்டினார்கள். அதில் ஸ்பிரிங் கிடையாது. சிலிண்டரில் முன்கூட்டியே காற்று அடைத்து வைத்திருக்கும். அதிலும் பத்துக் குண்டு. அட்டையில் ஒரே ஓட்டை. ஒன்பது குண்டு எங்கே போயிற்று என்று பின்னால் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

பத்மா வெர்னியர் அளவுகோலை எடுத்து இரண்டு அட்டையையும் அளந்தாள். புதியதில் ஓட்டையின் அகலம் ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை. பழையதில் ஒரு கோடிக் குண்டுக்கும் மறுகோடிக் குண்டுக்கும் நடுவே ஐம்பத்திரண்டு.

"அம்மா," என்றாள் ஷர்மிளா மெதுவாக. "அத இப்படி இறுக்கிப் புடிக்கக் கூடாதும்மா. கையில வெச்சாத்தான் அது சரியா போவும்."

"ஏன்?"

"ஏன்னு தெரியல. கையில தெரியும்."

"கையில தெரியும், காதுல தெரியும்னு சொன்னா எவன் ஒத்துப்பான்? கை நடுங்கும்டி. கண்ணு பொய் சொல்லும். வைஸு பொய் சொல்லாது."

ஷர்மிளா பழைய துப்பாக்கியை எடுத்து உறையில் போட்டாள். திரும்பி வரும் பேருந்தில் பழைய துப்பாக்கியின் உறையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள்.

பத்மாவைத் தெரிந்தவர்கள் யாரும் அவள் செய்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். பட்டாபிராமில் பிறந்து, பட்டாபிராமிலேயே வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. பத்தொன்பது வயதில் அந்தப் பட்டறைக்கு பேக்கிங் வேலைக்குப் போனாள். வண்டிகளுக்குப் போகிற புஷ் எனும் சின்னச் சின்ன இரும்பு வளையங்களுக்கு எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்குகிற வேலை.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு நாள், எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவளுக்கு விரலில் நெருடியது. உள்பக்கத்தில் ஏதோ ஒரு திட்டு. கண்ணுக்குத் தெரியவில்லை. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள்.

"சார், இந்த லாட்டு வேற மாதிரி கீது சார்."

"எப்படித் தெரியும்?"

"கையில தெரியுது சார்."

அவர் பட்டறை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "மாமே, இங்க வாங்கடா, நம்ம பேக்கிங் பொண்ணுக்கு விரல்லயே மைக்ரோமீட்டர் வெச்சிருக்கான் ஆண்டவன்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெட்டிகள் போயின. பன்னிரண்டாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தன. முதலாளி அவளைக் கூப்பிட்டு அளவு பார்க்கிற ஒரு கேஜைக் கையில் கொடுத்து, இனிமேல் இதை வைத்துப் பார்த்துச் சொல் என்றார். அன்றிலிருந்து அவள் சொன்னால் யாரும் சிரித்ததில்லை. கேஜ் கையில் இருந்ததே, அதனால்.

இருபத்தேழு வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவள்தான் கடைசி இன்ஸ்பெக்டர். அவள் சிவப்புச் சீட்டுக் கட்டினால் அந்தப் பெட்டி கேட்டைத் தாண்டாது. சொந்த மைத்துனன் மெஷினில் ஓட்டிய லாட்டையே திருப்பியவள். கைப்பையில் எப்போதும் ஒரு வெர்னியர் இருக்கும். வளையல் வாங்கப் போன இடத்தில் ஜோடியை அளந்து, ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்று கடைக்காரனைத் திணறடித்த கதையை அவள் கணவன் பூபாலன் எல்லாக் கல்யாணத்திலும் சொல்வான். "என்ன மட்டும் எப்படியோ அளக்காம கட்டிகினா" என்று முடிப்பான்.

அப்படிப்பட்டவள் மகளின் துப்பாக்கியைச் சும்மா விடுவாளா? கிளப்பில் எல்லாரும் புது மாடலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ஷர்மிளா மட்டும், எனக்கு இதுவே போதும் என்றாள். நானூறுக்கு முந்நூற்று அறுபத்திரண்டு எடுத்திருந்தாள். நல்ல மதிப்பெண்தான். ஆனால் மகள் சிக்கனம் பார்க்கிறாளோ, வீட்டு நிலைமையை நினைத்துப் பொய் சொல்கிறாளோ என்று பத்மாவுக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. அதனால்தான் அந்த வைஸ்.

போனஸையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துப் புதுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தாள். பழையது பீரோவுக்கு மேலே போயிற்று.

முதல் மாதம் முந்நூற்று ஐம்பத்தொன்று. "புதுசுல்ல, பழகணும்" என்றாள் பத்மா. இரண்டாம் மாதம் முந்நூற்று நாற்பத்து நாலு. "ஃபோன நோண்டறத கொறச்சிக்க" என்றாள். மாவட்டப் போட்டியில் முந்நூற்று இருபத்தொன்பது. அன்றைக்கு ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பத்மா சொன்ன வாக்கியம் இது:

"துப்பாக்கி மேல குத்தம் இல்லன்னு அளந்தே பாத்தாச்சு. அப்ப குத்தம் எங்க கீதுன்னு நீயே சொல்லு."

ஷர்மிளா தண்டவாளத்தைப் பார்த்தாள். "எங்கிட்டதாம்மா" என்றாள்.

மறுவாரத்திலிருந்து கிளப்புக்குப் போகவில்லை. பி.காம் கடைசி வருஷம். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க வேண்டாமென்று ஆவடியில் ஒரு துணிக்கடையில் பகல் ஷிப்டுக்குச் சேர்ந்துவிட்டாள். புதுத் துப்பாக்கி உறையோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பழையதையாவது தள்ளிவிடலாம் என்று பூபாலன் ஓர் ஆளைப் பிடித்தான். வானகரத்துக்காரர், பெயர் உத்தமன். கோயில் திருவிழா, பொருட்காட்சி என்று ஊர் ஊராகப் போய் பலூன் சுடுகிற கடை போடுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மொபெட்டில் வந்து இறங்கினார். ஷர்மிளா கடையில் இருந்தாள்.

பத்மா துப்பாக்கியை இறக்கிக் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அண்ணாத்தே, சொல்லிட்டுத்தான் குடுப்பேன். இது ரிஜெக்ட் பீஸு. அம்பத்திரண்டு மில்லிமீட்டர் பரவுது. அட்டையே வெச்சிருக்கேன், பாருங்க."

உத்தமன் அட்டையைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். குழலை ஒடித்து, மூடி, மறுபடி ஒடித்து, மூடினார். "சத்தம் நல்லாத்தான கீது" என்று முணுமுணுத்தார். பிறகு வீட்டுக்குப் பக்கத்துச் சந்தின் கோடியில், செங்கல் சுவர் ஓரம் ஒரு அட்டையைச் செருகச் சொன்னார். பத்து மீட்டரை பத்மாவே டேப்பால் அளந்தாள்.

உத்தமன் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தார். இடது முழங்கையை முழங்காலில் ஊன்றினார். கோயிலில் திருநீறுக்கு நீட்டுகிற மாதிரி உள்ளங்கையை விரித்தார். அந்தக் கையில் துப்பாக்கியை வைத்தார். பிடிக்கவில்லை, வெறுமே வைத்தார். வலது கையும் பட்டும் படாமல்.

டப். மடக்கினார், குண்டு போட்டார். டப். ஐந்து தடவை.

பத்மா அட்டையை எடுக்கப் போனாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. ஐந்து குண்டும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒரு புளியங்கொட்டை அளவுக்குள் கிடந்தன. கைப்பையில் கை தானாகப் போயிற்று. வெர்னியரை வைத்தாள். நம்பாமல் மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். பத்து மில்லிமீட்டர்.

"இது எப்படி?" என்றாள். 

"எது எப்படி? ஆமா, நீ எதுல வெச்சு சுட்டக்கா?"

"வைஸுல. பெரிய வைஸு. ரப்பர் குடுத்து, கெட்டியா இறுக்கி."

உத்தமன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்ய! கோழிய அமுக்கிப் புடிச்சிகினு நட நடன்னா அது எங்கக்கா நடக்கும்? இது உள்ள ஸ்பிரிங்கு கீது. வுட்டதும் ஒரு ஒத பின்னால, ஒரு குதி முன்னால. குண்டு வெளிய போறதுக்குள்ள ரெண்டும் நடந்துரும். அத்த அது இஷ்டத்துக்குக் குதிக்க வுட்டேன்னா ஒவ்வொரு வாட்டியும் ஒரே மாதிரி குதிக்கும். இறுக்குனா முரண்டு புடிக்கும். ஒரு வாட்டி இப்படி, ஒரு வாட்டி அப்படி."

"அப்ப புதுசு?"

"அதுல ஸ்பிரிங்கே கெடையாதே. வெறும் காத்து. அத்த நீ வைஸுல மாட்டு, எத்துல வேணா மாட்டு, கம்முனு கெடக்கும். புதுசு நல்ல சாமான்தான்க்கா, சும்மா சொல்லக்கூடாது. யார் புடிச்சாலும் போவும். ஆனா இது ஒண்ணும் கெட்டுப் போவல. இன்னும் இருபது வருஷம் வரும்."

பத்மா அப்படியே நம்பிவிடுகிற ஆள் இல்லை. "இறுக்கிப் புடிச்சு அஞ்சு சுடுங்க" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்துத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துச் சுட்டார். ஐந்தும் சிதறின. ஒன்று அட்டையையே விட்டு விலகிச் செங்கல்லில் பட்டுத் தூள் பறந்தது. அந்தச் செங்கல் தூள் அடங்குவதற்குள் பத்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 

கையில வெச்சாத்தான் அது சரியா போவும். கையில தெரியும்.

சொன்னாளே. வைஸுக்குப் பக்கத்தில் நின்று ஷர்மிளா சொன்னாளே. ஏன் என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வயதில், எண்ணெய்க் கையோடு நின்ற பேக்கிங் பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்ததா? பட்டறை முழுக்கக் கேட்ட அந்தச் சிரிப்பு இப்போது காதில் விழுந்தது. இந்தத் தடவை சிரித்தவள் பத்மாதான்.

"இன்னாக்கா, ஒரு மாதிரி ஆயிட்ட? சரி, குடுக்கறியா? எடுத்துகினு கெளம்பறேன்."

"இல்ல அண்ணாத்தே. குடுக்கல."

"அட, நல்லாக் கீதுன்னு சொன்னது என் தப்பா? வானகரத்துலேர்ந்து பெட்ரோல் போட்டுகினு வந்தேன்க்கா!"

பூபாலன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கெஞ்சி அனுப்பி வைத்தான்.

ஐந்து மணிக்கு ஷர்மிளா வந்தாள். கூடத்து மேஜை மேல் பழைய துப்பாக்கி, பக்கத்தில் மூன்று அட்டைகள். அம்மா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், "அப்பாவுக்கு ஏதாச்சுமா?" என்றாள்.

பத்மா சொன்னாள். வைஸ், ஸ்பிரிங், உதை, குதி, எதையும் விடாமல், கூட்டாமல், பட்டறையில் ரிப்போர்ட் கொடுப்பது போலச் சொன்னாள். கடைசியில், "நான் போட்ட டெஸ்ட்டு தப்புடி. துப்பாக்கி மேல குத்தம் இல்ல. உம்மேலயும் இல்ல" என்றாள்.

மகள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. ஷர்மிளா துள்ளவில்லை. புளியங்கொட்டை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை மேல் சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள்.

"நீ நம்பலன்னு எனக்கு அன்னிக்குக் கோவம் இல்லம்மா" என்றாள். "நீ அளந்து காட்டுனதும் நானும் நம்பிட்டேன் பாரு. அதான். அதுக்கப்புறம் எந்தத் துப்பாக்கிய எடுத்தாலும், என் கை சொல்றது பொய்யின்னே தோணிச்சு. சுடறதுக்கு முன்னாடியே தப்பாதான் போவும்னு தெரிஞ்சுது. போச்சு."

பத்மா மகளின் கையைப் பார்த்தாள். கேட்டைத் தாண்டக் கூடாதென்று அவள் கட்டிய சிவப்புச் சீட்டு துப்பாக்கியில் இல்லை. இத்தனை மாதமாக அது இந்தப் பெண்ணின் கையில் கட்டப்பட்டிருந்திருக்கிறது. அவளும் அவிழ்க்காமல் கடைக்குப் போய், துணி மடித்து, வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இது அவரு சுட்டது" என்றாள் ஷர்மிளா, அட்டையை மேஜையில் வைத்தபடி. "என் கையில இன்னும் அப்படிப் போவுமா?"

போகும், போகாமல் எங்கே போய்விடும் என்று சொல்ல பத்மா வாயெடுத்தாள். வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் அளக்காமல் ஓகே என்று சொன்னதில்லை. அளந்து சொன்ன லட்சணமும் மேஜை மேல் கிடந்தது.

"தெரியாதுடி" என்றாள். "எனக்குத் தெரியல."

ஷர்மிளா நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து இதற்கு முன் கேட்ட ஞாபகம் இல்லை. பிறகு துப்பாக்கிப் பக்கம் திரும்பி, இடது உள்ளங்கையை அதற்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். விரல்கள் மூடாமல் விரிந்தே இருந்தன. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம கடைக்கு லீவு சொல்றேன்" என்றாள். "நீ கிளப்புக்கு வர்றதுன்னா வா. ஆனா அந்த வெர்னியர வூட்டுல வெச்சிட்டு வா."

பத்மா கைப்பையைத் திறந்து, அதை எடுத்து, பீரோவுக்கு மேலே துப்பாக்கி இருந்த இடத்தில் எக்கி வைத்தாள்.