பாலத்துக்குக் கீழே காற்று

திருச்சிக்காரர்களுக்குக் காற்று வாங்குவது என்றால் காவிரிப் பாலம்தான். சாயங்காலம் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றைப் பார்த்தபடி நிற்போம். முதுகுக்குப் பின்னால் பஸ் போய்க்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரும் நானும் அப்படி நின்றவர்கள்தான்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு அவர் வாசலைத் தாண்டவில்லை. கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். பாதி ஊருக்குத் தெரிந்த முகம். வீல்சேரில் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை. சாப்பாடு குறைந்தது, பேச்சும் குறைந்தது. இப்படியே சுவரைப் பார்த்து உட்கார்ந்தே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். முணுமுணுத்தார், நான் காதில் வாங்கவில்லை. பழக்க தோஷம், பாலத்துக்கே விடச் சொன்னேன். இறங்கினால் பிளாட்பாரம் முழங்கால் உயரம். வீல்சேர் ஏறுமா? பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனை அடித்துத் தொலைத்தான். நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். வந்த ஆத்திரத்தில் பாலத்தையே திட்டினேன்.

ஆட்டோக்காரர்தான் சொன்னார்: "கீழ கரையில நடைபாதை திறந்துட்டாங்கக்கா. சரிவாப் போட்டிருக்காங்க, வண்டி அப்படியே இறங்கிடும்." நானும் கேள்விப்பட்டிருந்தேன். காற்று என்றால் பாலம் என்று ஊறிப்போன புத்தியில் அது உறைக்கவே இல்லை.

கீழேயும் கூட்டமான கூட்டம். சரிதான், கெட்டது போ என்று நினைத்தேன். ஆனால் படிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் மட்டும் திரும்பினார். இவர் கை சட்டென்று துண்டை இழுத்துக் காலை மூடியது.

"வாங்க பாய், இப்படி வாங்க. இங்கதான் காத்து நல்லா வருது."

நகர்ந்து இடம் விட்டார். அவ்வளவுதான். மறுபடி ஆற்றுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அல்ஹம்துலில்லாஹ், மாதக்கணக்கில் நெஞ்சை அழுத்திய பாரம் அப்போதுதான் இறங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் கவனிக்கவில்லை, தண்ணீரையே பார்த்திருந்தார்.

இருட்டத் தொடங்கியதும், ஆட்டோக்காரர் காத்திருக்கிறாரே, கிளம்பலாமா என்று நான்தான் கேட்டேன்.

"இப்பதானே வந்தோம்," என்றார். "அவரைப் போகச் சொல்லு."